பதிவகச் சிக்கனம்

தோற்றுவாய்

தமிழ் பயிலும் மாணவனுக்குக் கணிப்பொறியின் உள்ளுறுப்புக்களோடு யாது தொடர்பு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. யான் இத்துறையிற் புகுந்தது கற்றறிந்த செருக்கினால் அன்று. ஒரு சிறு பிழையினால். சென்ற கோடை விடுமுறையில், இயற்பியல் பயிலும் நண்பர் ஒருவர், 6502 என்னும் பழைய செயலியைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளைத் தம் மடிக்கணினியில் வைத்துக்கொண்டு, அதற்கு அசெம்பிளி மொழியிற் கட்டளைகள் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். "பத்து உடுக்குறிகளை ஒன்றன்பின் ஒன்றாய், நடுவே சிறிது பொழுது விட்டு, திரையில் இடுமாறு நிரல் ஒன்று எழுதும், பார்ப்போம்" என்று அவர் என்னை ஏவினார். யானும் எழுதினேன். பத்துக் குறியோடு நிற்றற்குரிய நிரல், திரை நிறைந்த பின்னரும் நிற்கவில்லை.

பிழையைத் தேடுவதில் ஒரு மாலைப்பொழுது முழுதும் கழிந்தது. கட்டளைகளைத் தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் செவ்விதாகவே இருந்தது. பிழை அவற்றுள் எந்த ஒன்றிலும் இல்லை. இருவேறு கட்டளைத் தொகுதிகள் ஒரே இடத்தைத் தத்தமக்கு உரியதென்று கொண்டதில் இருந்தது. அவ்விடமே பதிவகம். பதிவகமாவது யாது, அது மிகச் சிலவாக அமைந்தமைக்குக் காரணம் என்னை, அச்சிலவற்றைக் கொண்டு பல செயல்களை முடித்தற்குரிய நெறிகள் யாவை என்னும் இவற்றை, யான் கற்ற முறையிலேயே இங்கு எடுத்துரைக்க முயல்வேன்.

பதிவகம் யாது?

கணிப்பொறியில் எண்கள் தங்குமிடம் இருவகைப்படும். ஒன்று நினைவகம், அது செயலிக்குப் புறத்தே, பல்லாயிரம் அறைகள் உடையதாய், ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண்ணே முகவரியாய் அமைந்தது. மற்றொன்று பதிவகம், அது செயலிக்கு உள்ளேயே, விரல்விட்டு எண்ணத்தக்க சிலவாய், முகவரியின்றிப் பெயரால் அழைக்கப்படுவது. கூட்டலும் கழித்தலும் பெரும்பாலும் பதிவகத்திலேயே நிகழும். நம் வீட்டுச் சமையற்கட்டில் பரணிலும் அலமாரியிலும் எத்தனை கலங்கள் இருப்பினும், அடுப்பில் ஏறியதே வேகும். நினைவகம் பரண், பதிவகம் அடுப்பு.

உயர்நிலை மொழிகளில் நிரல் எழுதுவோர்க்கு இவ்வடுப்புக்களைப் பற்றிய கவலை இல்லை. எத்தனை பெயர் வேண்டினும் அத்தனை பெயர்களை அவர் இட்டுக்கொள்ளலாம்; எப்பெயர்க்குரிய எண் எப்பொழுது எப்பதிவகத்தில் இருத்தல் வேண்டும் என்பதைக் கம்பைலர் என்னும் மொழிமாற்றி தானே வகுத்துக்கொள்ளும். அசெம்பிளி மொழியிலோ அவ்வாறன்று. அங்கே ஒவ்வொரு கட்டளையும் செயலியின் ஒவ்வோர் அசைவாகும். எதனை எங்கு வைப்பது, எப்பொழுது வெளியேற்றுவது என்பன எல்லாம் எழுதுவோன் பொறுப்பேயாம்.

பதிவகம் சிலவாதற்குக் காரணம்

விரைவுடைய இவ்விடங்களை ஏன் ஆயிரக்கணக்கில் அமைத்திலர் எனின், காரணம் இரண்டு கூறலாம். முதலாவது பொருட்செலவு. பதிவகம் ஒவ்வொன்றும் சிலிக்கன் தகட்டில் இடம் பிடிக்கும். சில்லு பெரிதாயின், ஒரே தகட்டில் வெட்டி எடுக்கத்தகும் சில்லுகளின் தொகை குறையும், குற்றமற்று வெளிவருவன இன்னும் குறையும், விலை ஏறும்.

இரண்டாவது, பெயரிடுதலால் வரும் நெருக்கடி. எப்பதிவகத்தைக் கருதினோம் என்பதைக் கட்டளையின் உள்ளேயே குறித்தல் வேண்டும். இரண்டிலொன்றைக் குறிக்க 1 பிட் போதும். 16-இல் ஒன்றைக் குறிக்க 4 பிட் வேண்டும். 32-இல் ஒன்றைக் குறிக்க 5 பிட் வேண்டும். ஒரு கட்டளை மூன்று பதிவகங்களைக் குறிப்பின் அதற்கே 15 பிட் செலவாகும். 32 பிட் நீளமுள்ள கட்டளையில் இது பொறுக்கத்தக்கது. கட்டளையின் தலைச்சொல்லே 8 பிட்டாகிய பழைய செயலிகளில் பொறுக்கத்தக்கதன்று.

6502 என்னும் செயலி

இவ்விரு நெருக்கடிகளுக்கும் ஒருங்கே ஆட்பட்டுப் பிறந்தது 6502. அமெரிக்காவில் மோட்டரோலா நிறுவனத்தின் 6800 செயலியில் உழைத்த பொறியாளர் சிலர், சக் பெடில் என்பாருடன் அந்நிறுவனத்தை விட்டு நீங்கி, மாஸ் டெக்னாலஜி என்னும் நிறுவனத்தை அடைந்து, 1975 ஆம் ஆண்டில் இதனை வெளிப்படுத்தினர். விலை 25 டாலர். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த இன்டெல் 8080 செயலிக்கு முதலிற் குறித்த விலை 360 டாலர் என்பதை நோக்குவார்க்கு இதன் எளிமை விளங்கும். 1977 ஆம் ஆண்டின் ஆப்பிள் 2, கமடோர் பெட் என்னும் கணிப்பொறிகளும், 1981 ஆம் ஆண்டின் பிபிசி மைக்ரோவும் இதனைக் கொண்டே இயங்கின.

இவ்வெளிய விலை எங்ஙனம் வாய்த்தது? பிற உபாயங்களோடு, குறைத்தற்கு இயன்றவற்றையெல்லாம் குறைத்தமையாலும் வாய்த்தது. 6800-இல் கூட்டற்குரிய பதிவகம் இரண்டு, 6502-இல் ஒன்றே. எழுதுவோன் தன் விருப்பம்போற் கையாளத்தக்க பதிவகங்கள் இதில் மூன்றுதான்: ஏ, எக்ஸ், ஒய் என்பன. ஒவ்வொன்றும் 8 பிட் அளவினது. 0 முதல் 255 வரையுள்ள எண்களையே தாங்கும். அவற்றுள்ளும் ஏ ஒன்றே கூட்டவும் கழிக்கவும் வல்லது. எக்ஸும் ஒய்யும் ஒவ்வொன்றாய் ஏறவும் இறங்கவும் எண்ணும், வரிசையாய் உள்ள அறைகளுள் எத்தனையாவது என்று சுட்டும், அவ்வளவே. எக்ஸில் உள்ளதை ஒய்க்கு நேரே மாற்றவும் கட்டளை இல்லை. ஏ-யின் வழியாகவோ நினைவகத்தின் வழியாகவோ செல்லல் வேண்டும். ஏ பெரிய அடுப்பு எனின், ஏனைய இரண்டும் கொடியடுப்புக்கள். எஞ்சிய பதிவகங்கள், அடுத்த கட்டளையின் முகவரியைத் தாங்குவதும், அடுக்கின் உச்சியைக் காட்டுவதும், கணக்கின் நிலையை அறிவிக்கும் கொடிகளைத் தாங்குவதுமாய்த் தத்தம் தொழிலுக்கே உரியன.

இவ்வறுமைக்கு ஈடாக வடிவமைத்தோர் ஒரு வசதியும் செய்து வைத்தனர். நினைவகத்தின் முதல் 256 அறைகளுக்குப் பக்கம் 0 என்று பெயர். அவ்வறைகளின் முகவரி ஒரே பைட்டில் அடங்குமாதலின், அவற்றைத் தொடும் கட்டளை 2 பைட் நீளமே உடையது. அதிலிருந்து ஓர் எண்ணை ஏ-க்குக் கொணர 3 துடிப்பு ஆகும். பிற அறைகளாயின் 3 பைட்டும் 4 துடிப்பும் ஆகும். துடிப்பாவது செயலியின் நாடி. ஆப்பிள் 2-இல் அது நொடிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் முறை துடித்தது. ஆகவே பக்கம் 0, அடுப்பின் அருகே இட்ட பலகை போன்றது. அடுப்பு அன்று, ஆயினும் கைக்கு எட்டும்.

இனி, இச்சிறு இடத்தில் இருந்து தொழில் செய்தற்குரிய நெறிகளைக் காண்போம். யான் கற்ற அளவில் அவை மூன்று.

முதல் நெறி: முறை அறிதல்

க, ச, ட, த என்னும் நான்கு எண்கள் பக்கம் 0-இல் உள்ளன என்று கொள்வோம். க-வையும் ச-வையும் கூட்டிய தொகையினின்று, ட-வையும் த-வையும் கூட்டிய தொகையைக் கழித்தல் வேண்டும். இடமிருந்து வலமாக எழுதிப் பழகிய நாம், இயல்பாகவே முதற் கூட்டலை முதலில் செய்யப் புகுவோம். அங்ஙனம் செய்யின் நிகழ்வது இது: க-வை ஏ-இல் ஏற்றுக; ச-வைக் கூட்டுக; தொகையை ஓர் அறையில் வைக்க; ட-வை ஏற்றுக; த-வைக் கூட்டுக. இப்பொழுது கழிக்கப்படவேண்டிய எண் ஏ-இல் உள்ளது. எதனினின்று கழிப்பதோ அது வெளியே உள்ளது. 6502 ஏ-இல் உள்ளதனின்று அறையில் உள்ளதைக் கழிக்குமேயன்றி, அறையில் உள்ளதனின்று ஏ-இல் உள்ளதைக் கழிக்காது. ஆகவே இரண்டாம் தொகையையும் மற்றோர் அறையில் வைத்து, முதல் தொகையை மீண்டும் ஏற்றி, அதன் பின்னரே கழித்தல் வேண்டும். கட்டளை எட்டு, இடைக்கால அறை இரண்டு.

இனி இரண்டாம் கூட்டலை முதலில் செய்வோம். ட-வை ஏற்றுக; த-வைக் கூட்டுக; தொகையை ஓர் அறையில் வைக்க; க-வை ஏற்றுக; ச-வைக் கூட்டுக; அறையில் உள்ளதைக் கழிக்க. முடிந்தது. கட்டளை ஆறு, இடைக்கால அறை ஒன்று. கேரிக் கொடியை ஒழுங்குசெய்யும் கட்டளைகள் இரு வழிக்கும் பொதுவாதலின் அவற்றை ஈண்டு எண்ணவில்லை. முதல் வழிக்கு 24 துடிப்பு. இரண்டாம் வழிக்கு 18. எண்களும் அவையே, விடையும் அதுவே. மாறியது முறை மட்டுமே.

ஆறு துடிப்பு என்பது நொடியின் பத்திலட்சத்தில் ஆறு பங்கன்றோ, அதனால் வருவது என்னை எனின், கூறுதும். 1977 ஆம் ஆண்டில் வெளிவந்த அடாரி 2600 என்னும் விளையாட்டுப் பொறி, 6502-இன் உடன்பிறப்பாகிய 6507 செயலியைக் கொண்டது. அதன் தற்கால நினைவகம் 128 பைட் மட்டுமே. திரையிற் காணும் படம் முழுவதையும் ஒருசேர வைத்திருக்க அதற்கு இடமில்லை. எனவே தொலைக்காட்சிக் குழாயின் ஒளிக்கற்றை ஒரு வரியை வரைந்து முடிக்கும் பொழுதிற்குள், அவ்வரியில் எவ்வுரு எங்குத் தோன்றவேண்டும் என்பதை நிரல் கணித்துப் படச் சில்லிடம் ஒப்புவித்தல் வேண்டும். ஒரு வரிக்குரிய பொழுது 76 துடிப்பு. ஒளிக்கற்றை யாருக்காகவும் காத்திராது. பிந்திய நிரலின் படம் சிதையும். 76 துடிப்பே உடையானுக்கு 6 துடிப்பு பெருஞ்செல்வமாகும்.

இரண்டாம் நெறி: ஓரிடத்தை இருவர் ஆளுதல்

6502-க்குப் பெருக்கல் தெரியாது. 13-ஐ 11-ஆற் பெருக்கவேண்டின், நாம் தாளில் செய்வதுபோல் இலக்கம் இலக்கமாய்ச் செய்தல் வேண்டும். இங்கே இலக்கம் 0-வும் 1-உமே. பெருக்கும் எண்ணின் கடைசிப் பிட் 1 ஆயின் 13-ஐத் தொகையிற் கூட்டுக. 0 ஆயின் கூட்டற்க. பின்னர் ஓரிடம் நகர்த்துக. இவ்வாறு எட்டு முறை செய்க. இதற்கு வேண்டும் எண்கள் ஐந்து: பெருக்கப்படும் 13, பெருக்கும் 11, 16 பிட் அளவு வரத்தக்க விடையின் மேற்பாதி, அதன் கீழ்ப்பாதி, எத்தனை முறை ஆயிற்று என்னும் எண்ணிக்கை.

விடையின் மேற்பாதியில் ஒவ்வொரு முறையும் கூட்டல் நிகழுமாதலின் அஃது ஏ-இல் இருத்தல் வேண்டும். எண்ணிக்கை எக்ஸில் இருக்கலாம். எஞ்சிய மூன்றும் பக்கம் 0-க்குச் செல்லும். ஆனால் மூன்றிற்கும் மூன்று அறை வேண்டுமோ? இங்கேதான் முன்னோர் ஒரு நுட்பம் கண்டனர். பெருக்கும் எண்ணின் ஒரு பிட்டை நோக்கியபின் அதனால் மேலும் பயனில்லை. அறையை வலப்புறமாக ஓரிடம் நகர்த்தின் அப்பிட் வெளியேறும். இடப்புறத்தில் ஓரிடம் காலியாகும். அதே சுற்றில்தான் விடையின் கீழ்ப்பாதிக்கு உரிய ஒரு பிட் உறுதிப்பட்டு, ஏ-இனின்று வலப்புறமாய் வெளிவருகின்றது. அதனைக் காலியான அவ்விடத்தில் அமர்த்துக. பின்வாயிலில் ஒருவர் இறங்க, முன்வாயிலில் ஒருவர் ஏறும் எட்டிருக்கை வண்டிபோல, எட்டுச் சுற்று முடிவில் 11 முற்றும் இறங்கிவிட, அவ்வறையில் 143 அமர்ந்திருக்கும். இவ்விடை 255-க்குள் அடங்கினமையால் ஏ-இல் 0 நிற்கும்.

ஈரெண்கள் ஓரறையில் ஒருவரையொருவர் அழிக்காமல் வாழ்ந்தமைக்குக் காரணம், ஒன்றின் வாழ்நாள் முடியும் அளவிற்கே மற்றொன்றின் வாழ்நாள் தொடங்கியமையாம். எனவே இந்நெறியின் உயிர், ஒவ்வோர் எண்ணும் எதுவரை வேண்டப்படும் என்பதை அறிதலே.

இதில் மற்றொரு நுண்மையும் உண்டு. வெளியேறிய பிட், அடுத்த சுற்றில் நோக்கப்படும் வரை கேரிக் கொடியில் காத்திருக்கும். இடையில் எக்ஸை ஒன்று குறைக்கும் கட்டளை வரும். அக்கட்டளை கேரியைத் தீண்டாது என்பது 6502-இன் இயல்பு. குறைத்தலை எக்ஸில் செய்யாது கழித்தற் கட்டளையால் செய்திருந்தால், கேரி அழிந்து பெருக்கல் பிழைத்திருக்கும். ஒரு கட்டளை எதனைச் செய்யும் என்பதோடு எதனைத் தீண்டாது என்பதையும் அறிதல் இத்தொழிலுக்கு இன்றியமையாதது.

மூன்றாம் நெறி: அடைக்கலப் பொருள்

இனி என் பிழைக்கு வருவேன். என் நிரலில் உடுக்குறியின் குறியெண்ணை முதலில் ஒருமுறை ஏ-இல் ஏற்றியிருந்தேன். எக்ஸில் 10-ஐ இட்டு, குறியைத் திரையில் இடும் துணைநிரலை அழைத்து, பின்னர்க் காலம் போக்கும் துணைநிரலை அழைத்து, எக்ஸை ஒன்று குறைத்து, 0 ஆகாத வரை மீண்டும் மேலே செல்லுமாறு பணித்திருந்தேன். குறியிடும் துணைநிரல் எதனையும் குலைக்காதது. காலம் போக்கும் துணைநிரலோ யானே எழுதியது; எக்ஸ், ஒய் இரண்டையும் ஒன்றனுள் ஒன்றாகச் சுழற்றி 0 ஆகும் வரை குறைத்து, நொடியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் கழிப்பது.

அறிவுடையார் இதற்குள் பிழையைக் கண்டிருப்பர். துணைநிரல் முடிந்து மீளும்பொழுது எக்ஸில் 0 இருக்கும். மூலநிரல் அதனை ஒன்று குறைக்கும். 8 பிட் இடத்தில் 0-வினின்று ஒன்று குறையின் 255 ஆகும். 255 பூச்சியம் அன்றே; ஆகவே சுற்று தொடரும். அடுத்த முறையும் அவ்வாறே; ஊழிக்காலம் காத்திருப்பினும் அவ்வாறே.

பிழையை அறிந்தவுடன் யான் செய்த திருத்தம் பெரிதும் நகைக்கத்தக்கது. பதிவகத்தில் உள்ளதைத் தற்காலிகமாக வைத்துப் பின் எடுத்தற்கு அடுக்கு என்னும் பகுதி நினைவகத்தில் உண்டு. கடைசியில் வைத்ததே முதலில் வெளிவரும். துணைநிரலின் தொடக்கத்தில் எக்ஸை அவ்வடுக்கில் வைத்து, முடிவில் எடுத்துவிடலாம் என்று துணிந்தேன். ஆனால் 6502-இல் எக்ஸை நேரே அடுக்கில் வைக்கும் கட்டளை இல்லை. எனவே எக்ஸை ஏ-க்கு மாற்றி, ஏ-யை அடுக்கில் வைத்து, மீளும்பொழுது அடுக்கினின்று ஏ-க்கு எடுத்து, அதனை எக்ஸுக்கு மாற்றினேன். நிரல் இம்முறை பத்தோடு நின்றது. ஆனால் அப்பத்தில் முதலாவது மட்டுமே உடுக்குறி. ஏனைய ஒன்பதும் உடுக்குறி அல்ல. எக்ஸைக் காக்கப் புகுந்து, ஏ-இல் இருந்த குறியெண்ணை யானே அழித்துவிட்டேன்.

செவ்விய முறை இது: முதலில் ஏ-யை அடுக்கில் வைக்க, பின் எக்ஸை ஏ-க்கு மாற்றி அதனையும் வைக்க. மீளும்பொழுது தலைகீழாக, முதலில் எக்ஸுக்கு உரியதை எடுத்து மாற்றுக. இறுதியில் ஏ-க்கு உரியதை எடுக்க. ஆறு கட்டளை; 18 துடிப்பு. அடாரிப் பொறியின் ஒரு வரிக்குரிய பொழுதில் இது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு என்பதை நினைவிற் கொள்க.

என் நண்பர் இதனினும் எளிய வழியொன்று காட்டினார். காலம் போக்கும் துணைநிரல் எக்ஸைப் பல்லாயிரம் முறை தொடுகின்றது. மூலநிரலின் எண்ணிக்கையோ சுற்றுக்கு ஒருமுறையே தொடப்படுகின்றது. ஆகவே எக்ஸைத் துணைநிரலுக்கே விட்டுவிட்டு, எண்ணிக்கையைப் பக்கம் 0-இல் ஓரறையில் வைக்கலாம். எக்ஸை ஒன்று குறைக்க 2 துடிப்பு. அவ்வறையைக் குறைக்க 5. சுற்றுக்கு 3 துடிப்பே மிகுதி. அடுக்கும் வேண்டா, ஏ-யும் குலையாது. இடநெருக்கடியில் வெளியேற்றப்படவேண்டியது பெரியதோ சிறியதோ அன்று. அரிதாகத் தொடப்படுவதே என்பதை யான் அன்று உணர்ந்தேன்.

இவ்விரு வழிகளுக்கும் அடியில் ஓர் உடன்பாடு உள்ளது. அழைப்பவன் தன் பொருளைத் தானே காத்துக்கொள்வதா, அழைக்கப்பட்டவன் தான் தொட்டதைப் பழைய நிலையில் வைத்து மீள்வதா என்பதே அது. எதுவாயினும் ஆகலாம், இருவரும் ஒன்றையே கருதியிருத்தல் வேண்டும். கருதாவிடின் பிழை, செய்தவன் இல்லத்தில் தோன்றாது, அடுத்தவன் இல்லத்தில் தோன்றும்; தேடுவோன் பிழையற்ற கட்டளைகளையே மீண்டும் மீண்டும் நோக்கி வருந்துவான்.

இக்காலத்து நிலை

செயலிகள் வளர்ந்தபின் இவ்வெல்லை நீங்கிற்றோ எனின், அகன்றது, நீங்கவில்லை. பிபிசி மைக்ரோவை ஆக்கிய ஏக்கார்ன் நிறுவனத்தில், சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்பார் வடிவமைத்து 1985 ஆம் ஆண்டில் உருப்பெற்ற ஏஆர்எம் செயலியில், நிரல் ஒரு நேரத்தில் காணும் பதிவகங்கள் 16 ஆயின. 2003 ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட 64 பிட் செயலிகளில், 8-ஆக இருந்த பொதுப் பதிவகங்கள் 16 ஆயின. இன்று கைப்பேசிகளில் இயங்கும் 64 பிட் ஏஆர்எம் செயலிகளில் அவை 31. அழைக்கப்பட்ட துணைநிரல் அவற்றுள் எவற்றைக் குலையாது மீளவேண்டும் என்பதும் எழுதி வைக்கப்பட்ட உடன்பாடாகியது. ஆயினும் நிரல்கள் அவற்றினும் விரைவாக வளர்ந்தன. 31 பெயர் போதாத கணக்கு நாள்தோறும் எழுகின்றது.

யான் மேலே மூன்று நெறிகளாகக் கூறியவற்றை அறிஞர் கணித முறையால் ஆராய்ந்துள்ளனர். ஒரு கோவையைக் கணித்தற்குக் குறைந்த அளவு எத்தனை பதிவகம் வேண்டும் என்பதை ருஷிய அறிஞர் ஆந்திரே எர்ஷோவ் 1958 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். ரவி சேத்தி, ஜெஃப்ரி உல்மன் என்னும் இருவர் 1970 ஆம் ஆண்டில் அதனை விரித்து நிறுவினர். அதன் சாரம் எளிது: கோவையின் இரு கிளைகளுள் மிகுதியான இடம் வேண்டுவதை முதலில் முடிக்க, அஃது ஒரே எண்ணாகச் சுருங்கியபின் எளியதைச் செய்க. எளியதை முதலில் முடித்தவன், அதன் விடைக்கு ஓரிடத்தை ஒதுக்கிவிட்டு, கடியதைக் குறைந்த இடத்தில் செய்ய நேரும்.

1981 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தைச் சார்ந்த கிரெகரி சைத்தினும் அவர்தம் துணைவரும், பதிவகம் பங்கிடுதலைப் படத்திற்கு நிறம் தீட்டுதலாக அமைத்துக் காட்டினர். ஒரே காலத்தில் வாழும் இரண்டு எண்கள் எல்லை தொடும் இரண்டு நாடுகள் போல்வன. அவற்றிற்கு ஒரே நிறம், அஃதாவது ஒரே பதிவகம், ஆகாது. வாழ்நாள் ஒன்றோடொன்று படாத எண்கள் ஒரே நிறம் பெறலாம். நிறம் போதாத இடத்தில் ஓரெண்ணை நினைவகத்திற்கு அனுப்புதல் வேண்டும். எதனை அனுப்புவது? அடிக்கடி தொடப்படாததையே பெரும்பாலும் தேர்தல் வேண்டும். என் நண்பர் மடிக்கணினியின் முன் அமர்ந்து எனக்குக் கூறியதும் இதுவே.

முடிவுரை

இன்று பெரும்பாலான நிரல்களைக் கம்பைலரே பதிவகங்களிற் பங்கிடுகின்றது. அங்ஙனமாக, இதனைக் கற்பதால் ஆவதென்ன என்பார்க்கு ஒன்று கூறுவேன். இடம் குறைவு என்பது ஒரு துன்பம் மட்டும் அன்று. அது சில வினாக்களை வற்புறுத்தி எழுப்புகின்றது. இப்பொருள் எதுவரை வேண்டும்? எதனை முதலில் செய்தல் வேண்டும்? இவ்விடம் என்னுடையதா, பிறர் அடைக்கலமா? இடம் மிக்க காலத்தில் இவ்வினாக்களை நாம் எழுப்புவதில்லை. எழுப்பாமையால் வரும் கேடு மட்டும் பின்னர் வரும்.

குறள் வெண்பா எழுதிப் பார்த்த மாணவர் இதனை எளிதில் உணர்வர். ஏழு சீர்க்கு மேல் அங்கே இடமில்லை. எட்டாவது சீர் கேட்டு முறையிடுவதாற் பயனில்லை. எச்சொல் நிற்றல் வேண்டும், எச்சொல் நீங்கல் வேண்டும், எது முன், எது பின் என்று ஆராய்வதே செயற்பாலது. அவ்வாறு ஆராய்ந்தபின் பலகால் காண்பது யாதெனில், இடம் குறையாக இல்லை, நம் முறையே குறையாக இருந்தது என்பதே. மூன்று பதிவகங்களின் முன் அமர்ந்து யான் பெற்ற பாடமும் அதுவே. என் நிரல் இப்பொழுது பத்து உடுக்குறிகளை இட்டு, பத்தோடு நிற்கின்றது.